வாசகர் கேள்வி பதில்: விக்டோரியா காலத்து வீடும் வீதியும்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் பழைய ஆங்கில நாவல்களைப் படிக்கும்போது எழுகிற சந்தேகங்கள்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் நாகரிகம் என்றும் சம்பிரதாயம் என்றும் நினைக்கிற அந்தக் காலத்துப் பழக்கங்களில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு சட்டமோ ஒரு வரியோ ஒரு கட்டணமோ இருக்கும். அதனால் பதில்களில் பவுண்டும் ஷில்லிங்கும் அடிக்கடி வரும்.

கே: நாவல்களில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது "வருடத்துக்கு இத்தனை ஆயிரம் பவுண்டு உள்ளவர்" என்கிறார்கள். மொத்தச் சொத்து எவ்வளவு என்று ஏன் சொல்வதில்லை? 10,000 பவுண்டு என்பது எவ்வளவு பெரிய தொகை?

ப: பெரிய குடும்பங்களின் சொத்து நிலமாகவும் அரசுக் கடன் பத்திரங்களாகவும் இருந்தது. நிலத்தை நினைத்தபடி விற்க முடியாது, அப்பாவுக்குப் பின் மூத்த மகன், அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன் என்று பத்திரம் எழுதிக் கட்டிவைத்திருப்பார்கள். விற்க முடியாத சொத்துக்கு விலை சொல்லி என்ன பயன்? அதிலிருந்து வருடா வருடம் வருகிற குத்தகைப் பணம்தான் கணக்கு. கடன் பத்திரத்துக்கும் சுமார் 3 சதவீத வட்டி தவறாமல் வரும். விலைவாசியும் இன்றைக்கு மாதிரி ஏறிக்கொண்டே போகவில்லை என்பதால் தாத்தா காலத்து வருமானத்தை வைத்துப் பேரனும் ஏறக்குறைய அதே வாழ்க்கை வாழலாம்.

நாணயக் கணக்கு இது: 4 ஃபார்திங் ஒரு பென்னி, 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கினி என்றால் 21 ஷில்லிங். கினி நாணயம் அடிப்பதை 1814இலேயே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் டாக்டரும் வக்கீலும் தங்கள் கட்டணத்தைக் கினியில்தான் சொல்வார்கள். நூற்றாண்டின் நடுவில் ஒரு விவசாயக் கூலிக்கு வாரத்துக்குச் சுமார் 10 ஷில்லிங், அதாவது வருடம் முழுக்க வேலை கிடைத்தால் 26 பவுண்டு. 10,000 பவுண்டு வருமானம் என்றால் அப்படிப்பட்ட ஏறக்குறைய 400 குடும்பங்களின் வருடக் கூலி ஒரே ஒருவர் கையில் வந்து சேர்கிறது என்று அர்த்தம். நாவலில் அந்த 400 குடும்பங்கள் அநேகமாக வரவே வராது. நான் இந்தக் காலத்தைப் பற்றி விடாமல் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கே: மூத்த மகனுக்கே எல்லாம் என்றால் மற்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

ப: ராணுவம், திருச்சபை, வக்கீல் தொழில், இல்லாவிட்டால் இந்தியா. ராணுவ அதிகாரி பதவியைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும், அந்த முறை 1871இல்தான் ஒழிந்தது. பெண் பிள்ளைகளுக்கு வழி இன்னும் குறுகல், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கே: பழைய ஆங்கிலக் கடிதம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். எழுதிய தாளையே திருப்பிவைத்து, அதே எழுத்துகளின் மேல் குறுக்காக மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். படிக்கவே முடியவில்லை. ஏன் அப்படி?

ப: காசு மிச்சம் பிடிக்க. 1840க்கு முன்னால் அஞ்சல் கட்டணம் தூரத்தைப் பொறுத்தும் எத்தனை தாள் என்பதைப் பொறுத்தும் ஏறும், அதைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் கொடுக்க வேண்டும். இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் யாரும் உறை போடுவதில்லை, தாளையே மடித்து அரக்கு வைத்து ஒட்டி அதன் மேலேயே முகவரி எழுதுவார்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் போனால் ஒரு ஷில்லிங்குக்கும் மேல் ஆகும், அது ஒரு கூலிக்காரரின் அரை நாள் சம்பளத்துக்கும் மேல். நகரத்துக்கு வேலைக்குப் போன மகளிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று தெரிந்தும், கையில் காசில்லாமல் வாங்காமல் திருப்பி அனுப்பிய தாய்மார்கள் இருந்தார்கள். வெளியே முகவரி எழுதும் விதத்திலேயே ஒரு அடையாளம் வைத்து, "நலமாக இருக்கிறேன்" என்பதை உறவினர் பார்த்துத் தெரிந்துகொண்டு கடிதத்தை வாங்காமலே விட்டுவிடுகிற வழக்கமும் உண்டு. இதே காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் அஞ்சல் இலவசம்!

ரோலண்ட் ஹில் என்பவர் இதை ஆராய்ந்து, கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போகிற செலவு மிகக் குறைவு, கணக்குப் போட்டு வீடு வீடாக வசூலிக்கிற செலவுதான் அதிகம் என்று காட்டினார். 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் எடைக்குள் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே பென்னி என்றானது. அதே வருடம் மே மாதம் கறுப்பு நிறத்தில் உலகின் முதல் ஒட்டும் அஞ்சல் தலை வந்தது. 1839இல் சுமார் 7.5 கோடியாக இருந்த கடிதங்கள் அடுத்த வருடமே 16 கோடியைத் தாண்டின. அனுப்புபவர் முன்கூட்டியே காசு கட்டுகிறார், தபால்காரர் வாசலில் நின்று வசூலிக்க வேண்டியதில்லை, அதனால் கதவில் கடிதம் போட ஒரு துவாரம் வைக்கிற பழக்கமும் பரவியது. அப்படிக் குறுக்காக எழுதுகிற பழக்கம் மட்டும் உடனே போகவில்லை, சிக்கனமாக எழுதிப் பழகிய பெண்கள் அப்புறமும் பல வருடங்கள் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களை நான் பொறுமையாக எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். வாங்கப்போகிறவரின் ஒவ்வொரு பென்னியையும் நினைத்துக்கொண்டே எழுதியவர்களின் அன்பு அதில் தெரிகிறது.

கே: ஒரு வீட்டுக்குப் போய், ஆளைப் பார்க்காமல் அட்டையை மட்டும் வைத்துவிட்டு வருகிறார்களே, அது அவமரியாதை இல்லையா?

ப: இல்லை, அதுதான் மரியாதை. மேல்தட்டிலும் நடுத்தரத்திலும் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொள்ள விருப்பம் என்பதை முதலில் அட்டை மூலம்தான் தெரிவிப்பார்கள். மூலையை மடித்திருந்தால் வேலைக்காரரிடம் கொடுத்தனுப்பாமல் நேரில் வந்து வைத்ததாக அர்த்தம். பதிலுக்கு அட்டை வந்தால் பழக்கம் தொடரும், வராவிட்டால் அத்தோடு முடிந்தது, யார் முகத்திலும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே உள்ளே அழைத்து உட்கார வைத்தாலும் கால் மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும்.

கே: ஒரு சாதாரண குமாஸ்தா வீட்டில்கூட வேலைக்காரப் பெண் இருந்ததாகப் படிக்கிறோம். அந்தப் பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அவர்களைப் பற்றி யாருமே எழுதுவதில்லையே.

ப: நல்ல கேள்வி. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையாட்கள் 10 லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாளிகையில் சமையல்காரர், வீட்டு நிர்வாகி, அறைப் பணிப்பெண்கள், ஃபுட்மேன் எனப்படும் சீருடைப் பணியாள் என்று வரிசையாக நிற்பதைத் திரையில் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் நிறையப் பேர் வேலை பார்த்தது நடுத்தரக் குடும்பத்தில், ஒற்றை ஆளாக. எல்லா வேலைக்கும் அவள் ஒருத்தி. வயது 13, 14 இருக்கும். கிராமத்திலிருந்தோ அநாதைகளும் ஏழைகளும் தங்கவைக்கப்பட்ட பணி இல்லத்திலிருந்தோ வந்திருப்பாள்.

விடியும் முன்னே எழுந்து சமையலறை அடுப்பின் சாம்பலை அள்ளி, இரும்புக்குக் கறுப்பு மெருகு தேய்த்து, தீ மூட்டுவாள். வீட்டில் ஒவ்வோர் அறையிலும் கணப்பு உண்டு, ஒவ்வொன்றையும் துடைத்து நிலக்கரி போட வேண்டும். நிலக்கரி இருப்பது நிலவறையில், படுக்கையறைகள் மாடியில். குழாய் மாடிவரை போகாத வீட்டில் குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் அவள்தான் வாளியில் தூக்கிக்கொண்டு ஏறுவாள். குளித்த அழுக்குத் தண்ணீரையும், இரவு அறையில் வைத்த மூத்திரச் சட்டிகளையும் அவள்தான் தூக்கிக்கொண்டு இறங்குவாள். அப்புறம் வாசற்படியைத் தேய்த்து வெளுப்பாக்குவது, பாத்திரம், துணி, சந்தை, குழந்தை. எஜமானி அழைப்பு மணியை அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். படுக்க இரவு பத்து, பதினொன்று ஆகும். இதற்கு வருடச் சம்பளம் 6 முதல் 10 பவுண்டு, சாப்பாடும் தங்க இடமும் சேர்த்து. தங்க இடம் என்பது கூரைக்கடியில் ஒரு சின்ன அறை, அல்லது சமையலறையிலேயே ஒரு மூலை.

சம்பளத்தைவிட என்னை உறுத்துவது நற்சான்றுக் கடிதம். இந்த வீட்டு எஜமானி நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வீட்டில் சேர முடியும். அப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எஜமானியைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமே இல்லை. கோபத்தில் மறுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். காதலர் யாரும் பார்க்க வரக்கூடாது என்பது வேலையில் சேரும்போதே போடும் நிபந்தனை. வீட்டு ஆண்களில் ஒருவரால் கர்ப்பமானாலும் வெளியேற்றப்படுவது அவள்தான், பெரும்பாலும் அந்த நற்சான்று இல்லாமல், போய்ச் சேருமிடம் மறுபடி பணி இல்லம். ஒரு சமூகத்தின் ஒழுக்கத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதிவைத்திருக்கிறார்கள், அந்த ஒழுக்கத்தின் விலையைக் கட்டியது யார் என்று இவர்களைப் பார்த்தால் புரியும்.

இன்னொரு தகவல். ஆண் பணியாள் வைத்திருந்தால் அரசுக்கு வரி கட்ட வேண்டும், 1777இல் வந்த வரி அது. 19ஆம் நூற்றாண்டில் பெண் பணியாளுக்கு வரி கிடையாது. சீருடை போட்ட ஃபுட்மேன் வாசலில் நின்றால் அந்த வீட்டார் வரி கட்டவும் வசதி உள்ளவர்கள் என்று தெருவுக்கே தெரியும். கிராமப்புறங்களில் வருடத்துக்கு ஒருமுறை ஆள் அமர்த்தும் சந்தை கூடும். ஆட்டிடையர் சட்டையில் கொஞ்சம் கம்பளியைச் செருகிக்கொண்டு நிற்பார், வேலைக்காரப் பெண் துடைப்பத்தோடு நிற்பாள். பேரம் முடிந்தால் கையில் ஒரு நாணயம், அதை வாங்கிக்கொண்டால் ஒரு வருடத்துக்கு வேலை உறுதி.

கே: பழைய வீடுகள் சிலவற்றில் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்களே?

ப: ஜன்னல் எண்ணிக்கைக்கு ஏற்ப வீட்டு வரி, 1696இல் தொடங்கி 1851 வரை இருந்தது. ஏழைகள் நெருக்கி வாழ்ந்த பெரிய கட்டடங்களில் வரிக்குப் பயந்து வீட்டுக்காரர் ஜன்னலை அடைத்துவிடுவார், காற்றும் வெளிச்சமும் இல்லாமல் உள்ளே குடும்பங்கள் நோயில் கிடக்கும். எல்லா அடைத்த ஜன்னலுக்கும் வரிதான் காரணம் என்று நினைக்க வேண்டாம், வெளியிலிருந்து பார்க்கச் சீராக இருக்கட்டும் என்று கட்டும்போதே வைத்த போலி ஜன்னல்களும் உண்டு.

கே: அவர்கள் தினமும் என்ன சாப்பிட்டார்கள்?

ப: எந்த வீடு என்பதைப் பொறுத்தது. தொழிலாளி வீட்டில் ரொட்டி, தேநீர், உருளைக்கிழங்கு, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு. இறைச்சி வாங்கினால் அது சம்பாதிக்கிற அப்பாவின் தட்டுக்குப் போகும், அம்மா கடைசியில் ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவாள். பல வீடுகளில் ரொட்டி சுடும் அடுப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் இறைச்சி கிடைத்தால் அதைப் பாத்திரத்தில் வைத்து ரொட்டிக் கடைக்கு எடுத்துப் போவார்கள், சின்னத் தொகை வாங்கிக்கொண்டு கடைக்காரர் தன் அடுப்பில் வேகவைத்துக் கொடுப்பார்.

அதைவிட முக்கியம் கலப்படம். ரொட்டி வெள்ளையாகத் தெரியப் படிகாரம் போட்டார்கள், காய்ச்சி எடுத்த தேயிலையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி மறுபடி விற்றார்கள். ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் 1851இலிருந்து உணவுப் பொருள்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, முடிவுகளை லான்செட் மருத்துவ இதழில் விற்றவர் பெயரோடு வெளியிட்டார். அது பெரிய துணிச்சல். 1858இல் பிராட்ஃபோர்ட் நகரில் மிட்டாய் சாப்பிட்ட சுமார் 20 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. சர்க்கரை விலை அதிகம் என்று மிட்டாயில் ஜிப்சம் பொடி கலப்பது வழக்கமாம், அன்றைக்கு மருந்துக் கடையில் அந்தப் பொடிக்குப் பதிலாக ஆர்செனிக்கைத் தவறாக எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். 1860இல் ஒரு சட்டம் வந்தது, பல் இல்லாத சட்டம். 1875இல் வந்ததுதான் உருப்படியானது.

சட்டத்துக்குக் காத்திராமல் தாங்களே வழி தேடியவர்களும் உண்டு. 1844 டிசம்பரில் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களுமாகச் சேர்ந்து காசு போட்டு ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, கடன் கிடையாது, லாபத்தை வாங்கியவர்களுக்கே பிரித்துக் கொடுப்பது. உலகம் முழுக்க உள்ள கூட்டுறவுக் கடைகள் இன்றைக்கும் அதைத்தான் தங்கள் தொடக்கமாகச் சொல்கின்றன.

கே: ஆங்கிலேயர்கள் அந்தக் காலத்தில் குளிக்கவே மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா ஐயா?

ப: அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வது நியாயமில்லை. வசதியானவர்கள் படுக்கையறையில் தகரத் தொட்டி வைத்துக் குளித்தார்கள், தினமும் குளிக்காதவர்களும் முகம், கை, கழுத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டார்கள். ஏழைகளுக்குத் தண்ணீரே கிடையாது, அதுதான் விஷயம். லண்டனில் தண்ணீர் விற்றது தனியார் நிறுவனங்கள். ஒரு முற்றத்தைச் சுற்றி வாழும் பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரே குழாய், அதுவும் நாளில் கொஞ்ச நேரம்தான் வரும். கிடைத்ததைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வார்களா, குளிப்பார்களா?

லிவர்பூலில் கிட்டி வில்கின்சன் என்று ஓர் ஏழைப் பெண். 1832இல் காலரா பரவியபோது அந்தத் தெருவில் வெந்நீர் கொதிகலன் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு, நோயாளிகளின் துணியையும் படுக்கையையும் தன் வீட்டில் துவைத்துக்கொள்ளச் சொன்னார். கிருமி என்பது என்னவென்றே தெரியாத காலம், தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் செய்தார். அந்த யோசனை வளர்ந்து 1842இல் லிவர்பூலில் பொதுக் குளியலறையும் துவைக்கும் இடமும் திறக்கப்பட்டன, 1846இல் அதற்கென்று தேசியச் சட்டமே வந்தது. எனக்கு இந்த நூற்றாண்டில் மிகப் பிடித்த மனிதர்களில் அவர் ஒருவர்.

காலரா அசுத்தத் தண்ணீரால் வருகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ 1854இல் சோஹோ பகுதியின் பிராட் தெருப் பம்பை வைத்துக் காட்டினார், மருத்துவ உலகம் உடனே ஏற்கவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் போனபோதுதான் பணம் ஒதுக்கினார்கள். ஜோசஃப் பேசல்ஜெட் கட்டிய பெரும் சாக்கடைகள் அதன் பலன்.

கே: மாமன் மகள், அத்தை மகனைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் அங்கேயும் இருந்ததா?

ப: தாராளமாக. ராணி விக்டோரியாவின் தாயாரும் ஆல்பர்ட்டின் தந்தையாரும் உடன்பிறந்தவர்கள், அதாவது விக்டோரியா 1840இல் மணந்தது தன் தாய்மாமன் மகனை. சார்லஸ் டார்வின் 1839இல் மணந்த எம்மா வெட்ஜ்வுட் அவருடைய தாய்மாமன் மகள். ஆனால் நம் முறை வேறு, அவர்கள் முறை வேறு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளையும் அங்கே கட்டிக்கொள்ளலாம். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதற்கு மட்டும் இடமே இல்லை.

நம் வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கப்போவது வேறொன்று. மனைவி இறந்த பின் அவள் தங்கையை மணப்பதற்கு அங்கே தடை! கணவனும் மனைவியும் ஓருடல், ஆகவே அவள் தங்கை இவனுக்கும் தங்கை என்பது திருச்சபையின் வாதம். அப்படிப்பட்ட திருமணங்களை யாராவது வழக்குப் போட்டால்தான் ரத்து செய்ய முடியும் என்று முன்பு ஒரு தளர்வு இருந்தது. 1835இல் வந்த சட்டம் அதையும் அடைத்து, இனிமேல் நடப்பவை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. தாயில்லாப் பிள்ளைகளைச் சித்திதான் வந்து வளர்ப்பாள், அந்த வீட்டிலேயே இருப்பாள், ஆனால் அக்காள் கணவரை மணக்க முடியாது. காசு உள்ளவர்கள் வெளிநாடு போய்த் திருமணம் செய்துகொண்டார்கள், ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1875இல் சுவிட்சர்லாந்தில் அப்படித்தான் செய்தார். காசில்லாதவர்கள் திருமணம் இல்லாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள், பிள்ளைகளுக்குச் சட்டப்படி உரிமை கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் மசோதா மேல் மசோதாவாக வந்து தோற்று, 1907இல்தான் தடை நீங்கியது.

கே: திருமணங்கள் ஏன் காலையிலேயே நடந்தன?

ப: காலை 8 முதல் பகல் 12 வரைதான் நடத்தலாம் என்பது சட்டம். 1886இல் அதைப் பிற்பகல் 3 மணிவரை நீட்டினார்கள்.

கே: திருமணமான பெண் உழைத்துச் சம்பாதித்ததும் கணவனுக்கே சொந்தம் என்று படித்தேன். ஒரு பெண் அரசியாக இருந்த நாட்டிலா?

ப: ஆமாம், அதே நாட்டில்தான். தாலி இல்லை, ஆனால் மோதிரம் போட்ட அந்த நிமிடத்திலிருந்து சட்டப்படி அவள் தனி ஆளே இல்லை. கையிலுள்ள பணம், நகை, சாமான், இனி சம்பாதிக்கப்போகும் கூலி எல்லாம் கணவனுடையது. நிலம் இருந்தால் அதன் வருமானம் கணவனுக்கு. அவள் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது, அவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. திருமணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் இந்தத் தடை கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். பணக்கார அப்பாக்கள் திருமணத்துக்கு முன்பே மகளின் பணத்தை அறங்காவலர்கள் பெயரில் எழுதிக் கட்டிவிடுவார்கள், அதனால் அந்த வீட்டுப் பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்பு. துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு யார் அறங்காவலர் வைப்பார்கள்? விட்டுவிட்டு ஓடிப்போன கணவன் சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, அவள் சேர்த்து வைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம், அது திருட்டு ஆகாது.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கரோலின் நார்ட்டன். எழுத்தாளர். அவருடைய கணவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 1836இல் பிரதமர் மெல்போர்னுடன் மனைவியைச் சேர்த்துப் பேசி வழக்குப் போட்டுத் தோற்றார். தோற்றும் மூன்று மகன்களையும் தாயிடம் தரவில்லை, குழந்தைகள் தந்தைக்கே சொந்தம் என்பது அன்றைய சட்டம். கரோலின் எழுதினார், அச்சடித்து உறுப்பினர்களுக்கு அனுப்பினார், விடவே இல்லை. 1839இல் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகத் தாய் நீதிமன்றத்தை அணுகலாம் என்று சட்டம் வந்தது. அது ஸ்காட்லாந்தில் செல்லாது, கணவர் மகன்களை அங்கேதான் வைத்திருந்தார். 1842இல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான், தாய் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பின்னாளில் அவர் எழுதிச் சம்பாதித்த பணத்துக்கும் கணவர் உரிமை கோரினார்.

விவாகரத்து வேண்டுமென்றால் 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும், பெரும் பணக்காரர்களால் மட்டும் முடிந்த காரியம். 1857இல் நீதிமன்றம் வந்தது, ஆனால் மனைவி தவறினாள் என்பது கணவனுக்குப் போதும், மனைவியோ கணவனின் தவறோடு கொடுமையோ கைவிட்டுப் போனதோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 1870இல் உழைத்த கூலி அவளுடையது என்றானது. சொத்து முழுவதும் அவளுடையதே என்று எழுத 1882 வரை ஆனது. இவற்றைத் தானாக யாரும் கொடுத்துவிடவில்லை, ஒவ்வொன்றுக்கும் பெண்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கி அலைந்தார்கள்.

கே: துக்கத்துக்குக் கறுப்பு உடை எத்தனை நாள்?

ப: விதவை என்றால் இரண்டு வருடத்துக்குக் குறையாது. முதல் வருடம் பளபளப்பே இல்லாத கறுப்புக் கிரேப் துணி, விட்பி ஊரில் தோண்டியெடுக்கிற கறுப்பு ஜெட் கல் நகை மட்டும் போடலாம், கடிதத் தாளுக்கும் கறுப்புக் கரை. மனைவியை இழந்த ஆணுக்கு இத்தனை நீண்ட கட்டுப்பாடு கிடையாது. 1861இல் ஆல்பர்ட் இறந்த பின் ராணி 1901இல் தான் இறக்கும்வரை கறுப்பே உடுத்தினார், அது எல்லோருக்கும் முன்மாதிரி ஆனது. வாங்க வசதியில்லாதவர்கள் இருந்த துணிக்கே வீட்டில் கறுப்புச் சாயம் ஏற்றிக்கொண்டார்கள்.

ஏழைகள் வயிற்றைக் கட்டி இறந்தால் அடக்கச் செலவைக் கொடுக்கிற அடக்கச் சங்கத்துக்கு வாரம் ஒரு பென்னி கட்டினார்கள். வீண் ஆடம்பரம் என்று அதைத் திட்டியவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1832இல் வந்த சட்டத்தின்படி, பணி இல்லத்தில் இறந்து யாரும் கேட்டு வராத உடலை மருத்துவக் கல்லூரிக்கு அறுத்துப் படிக்கக் கொடுக்கலாம். முன்பு கொலைகாரர்களுக்குக் கொடுத்த தண்டனை அது. அந்தப் பயத்தில்தான் பசியோடு கிடந்தாலும் அந்த ஒரு பென்னியைத் தவறவிடவில்லை. லண்டனில் இடுகாடு நிரம்பி வழிந்ததால் 1854 முதல் வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட் கல்லறைக்குத் தனி ரயிலே ஓடியது, அதில் சவப்பெட்டிகளுக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு உண்டு.

கே: நம் நாட்டவர் யாராவது அங்கே சாதாரணமாகக் குடும்பம் நடத்தி வாழ்ந்தார்களா?

ப: வாழ்ந்தார்கள். பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1810இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தார், இரண்டே வருடத்தில் திவாலானார். அயர்லாந்துப் பெண்ணை மணந்து குடும்பம் நடத்தியவர், அப்புறம் பிரைட்டன் கடற்கரை ஊரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதுமாகத் தொழில் தொடங்கிப் பெயர் பெற்று, இரண்டு அரசர்களுக்குச் சேவை செய்து, 1851இல் இறந்தார்.

பெயர் தெரியாதவர்கள்தான் அதிகம். கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்கள் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை லண்டன் துறைமுகத் தெருக்களில் குளிரில் கிடந்தார்கள், அவர்களுக்கென்று 1857இல் லைம்ஹவுஸில் ஒரு விடுதி கட்டினார்கள். ஆங்கிலக் குடும்பங்களின் குழந்தைகளைக் கப்பலில் பார்த்துக்கொள்ள வந்த ஆயாக்கள் நிலைமை இன்னும் மோசம். பயணம் முடிந்ததும் திரும்பிப் போக டிக்கெட் வாங்கித் தராமல் சில குடும்பங்கள் அவர்களை அப்படியே விட்டுவிட்டன. பாஷையும் சரியாகத் தெரியாமல், கையில் காசும் இல்லாமல் நின்ற அந்தப் பெண்களுக்காக ஆல்ட்கேட் பகுதியில் ஓர் இல்லம் நடந்தது, 1900இல் ஹாக்னிக்கு மாறியது. அங்கே தங்கியபடி, இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பம் கிடைத்தால், அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையை ஏற்றுக்கொண்டு கப்பல் ஏறுவார்கள்.